எம்ஜிபி காரின் தேய்ந்த பிரேக் சர்வோ: பிரிப்பதா, அனுப்புவதா, மாற்றுவதா, எடுத்துவிடுவதா?

பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரின் டப்பாவில் ஆயில் மெல்ல இறங்கிக்கொண்டே வருகிறது; ஆனால் எந்தச் சக்கரத்தின் உட்பக்கத்திலும் ஈரமில்லை, கார் நிற்கும் தரையில் ஒரு சொட்டும் இல்லை. இன்ஜினைக் கிளப்பியதும் புகைக்குழாய் வழியே வெண்புகை எழுகிறது. 1970களின் எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களில் பலர் இந்த இரண்டு அறிகுறிகளைக் கொண்டே, பெடலில் கால் கொடுக்கும் பலத்துக்குத் துணைநிற்கும் பிரேக் சர்வோ போய்விட்டது என்ற முடிவுக்குச் சரியாகவே வந்துவிடுகிறார்கள். திண்டாட்டம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களின் தொகுப்பான சீல் கிட் வாங்கித் தாமே பிரித்துச் சரிசெய்வதா, இதையே தொழிலாகக் கொண்ட பட்டறைக்கு அனுப்புவதா, புதிதாக ஒன்றை வாங்கிப் பொருத்துவதா, அல்லது சர்வோவையே எடுத்துவிட்டு ஓட்டுவதா என்ற நான்கு வழிகளுக்கு நடுவே பலர் நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்காக இந்த நான்கையும் ஒன்றோடொன்று வைத்து எடைபோடுகிறேன்.

முதலில் எந்தச் சர்வோவைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபியில் சர்வோ தொடக்கத்தில் இல்லை. பின்னர் கூடுதல் விலைக்குக் கிடைக்கும் வசதியாக வந்து, அதன்பின் உள்நாட்டுக் கார்களில், அதாவது பிரிட்டனிலேயே விற்றவற்றில், வழக்கமான உறுப்பாயிற்று. அந்தக் கார்களில் இருந்தது லாக்ஹீட் நிறுவனத்தின் தனித்த சர்வோ. அதாவது பெடலோடு நேரடித் தொடர்பு இல்லாமல், இன்ஜின் அறையில் தள்ளிப் பொருத்தப்பட்டு, ஆயில் குழாய் வழியாக மட்டுமே மாஸ்டர் சிலிண்டரோடு இணைந்திருக்கும் வகை. வட அமெரிக்காவுக்குச் சென்ற பிற்காலக் கார்களில் பெடலுக்கு நேர் முன்னால் மாஸ்டர் சிலிண்டரோடு சேர்ந்து அமைந்த நேரடிச் சர்வோ உண்டு. இந்தக் கட்டுரை பெரும்பாலும் முதல் வகையைப் பற்றியது; இரண்டாம் வகைக்கு முடிவு மாறுபடும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன்.

## உள்ளே என்ன நடக்கிறது, எது கெடுகிறது

எந்த வழியைத் தேர்ந்தாலும் உள்ளே கெட்டிருப்பது எது என்பதே செலவையும் ஆபத்தையும் தீர்மானிக்கிறது என்பதால், இதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

சர்வோவின் பெரிய தகர டப்பாவை ஒரு ரப்பர் டயஃப்ரம் (சவ்வு) இரண்டு அறைகளாகப் பிரிக்கிறது. பெடலைத் தொடாதபோது இரண்டு அறைகளிலும் இன்ஜினுக்குள் காற்றும் பெட்ரோலும் நுழையும் வழியான இன்லெட் மேனிஃபோல்டிலிருந்து வரும் வெற்றிடம் சமமாக இருப்பதால் டயஃப்ரம் அசையாது. பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வரும் ஆயில், சர்வோவின் ஸ்லேவ் பிஸ்டனில் உள்ள துளை வழியாகச் சக்கரங்களுக்குச் செல்லும்போதே, பக்கத்திலுள்ள சிறிய வால்வு பிஸ்டனையும் தள்ளுகிறது. அந்த வால்வு முதலில் இரு அறைகளுக்கும் இடையிலான வழியை அடைத்து, பிறகு வடிகட்டி வழியாக வெளிக்காற்றை ஓர் அறைக்குள் மட்டும் விடுகிறது. ஒரு பக்கம் காற்றழுத்தம், மறுபக்கம் வெற்றிடம், டயஃப்ரம் நகர்கிறது, அதோடு இணைந்த தள்ளுதண்டு ஸ்லேவ் பிஸ்டனின் துளையை மூடி, பிஸ்டனைத் தள்ளி, சக்கரங்களுக்குச் செல்லும் அழுத்தத்தைக் கூட்டுகிறது.

இதில் மிக மோசமான இடம் தள்ளுதண்டைச் சுற்றியிருக்கும் சீல். அதன் ஒரு பக்கம் பிரேக் ஆயில், மறுபக்கம் வெற்றிட அறை. அந்தச் சீல் தேய்ந்தால் ஆயில் வெளியே ஒழுகாமல் டப்பாவுக்குள் உறிஞ்சப்பட்டு, அங்கிருந்து ரப்பர் ஹோஸ் வழியாக இன்ஜினுக்குள் போய் எரிந்துவிடுகிறது. மேலே சொன்ன வெண்புகைக்கும், தடமில்லாமல் குறையும் ஆயிலுக்கும் இதுவே காரணம். டயஃப்ரம் கிழிந்தாலோ காற்று வால்வு சரியாக மூடாமல் போனாலோ இன்ஜினுக்குள் வேண்டாத காற்று நுழைந்து, கார் நிற்கும்போது இன்ஜின் மெல்ல ஓடும் ஐட்லிங் தடுமாறும்; உரிமையாளர் இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களையும் மணிக்கணக்கில் திருகிக்கொண்டிருப்பார், கோளாறோ வேறிடத்தில் இருக்கும். சீல்கள் உப்பிப்போனால் காலை எடுத்த பிறகும் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.

இவை எல்லாமே ரப்பர் சார்ந்தவை, மாற்றினால் தீரும். தீராத ஒன்று ஸ்லேவ் சிலிண்டரின் போர், அதாவது ஸ்லேவ் பிஸ்டன் நகரும் உருளைத் துளை. அலுமினிய உடலில் குடைந்த அந்தப் போரின் உட்சுவரில், ஆயில் ஈர்த்துக்கொண்ட ஈரம் ஆண்டுக்கணக்கில் கீழ்ப்பக்கமாகத் தேங்கி, சிறுசிறு அரிப்புக் குழிகளை உண்டாக்குகிறது. தினமும் ஓடும் காரைவிட, கோடைக்கு மட்டும் வெளியே வந்து மற்ற மாதங்களில் ஷெட்டில் உறங்கும் காரில்தான் இது அதிகம். குழி விழுந்த போரில் எவ்வளவு நல்ல சீலைப் போட்டாலும், அது அந்தக் குழியின் விளிம்பில் ஒவ்வொரு முறையும் உரசி, சீக்கிரமே மறுபடி ஒழுகத் தொடங்கும். வெளியிலிருந்து பார்த்து இதை அறிய வழியே இல்லை.

## முடிவுக்கு முன் குற்றவாளி இதுதானா என்று பார்த்தல்

பிரேக் கடினமாக இருக்கிறது என்பதற்காகவே சர்வோவைக் கழற்றிவிடக் கூடாது. இன்ஜினை நிறுத்திவிட்டு பெடலை நான்கைந்து முறை மிதித்து உள்ளிருக்கும் வெற்றிடத்தைத் தீர்த்துவிட்டு, காலை பெடலின் மேல் அழுத்தி வைத்தபடியே இன்ஜினைக் கிளப்பினால், பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் சர்வோவோ, அதற்கு வெற்றிடம் தரும் வழியோ வேலை செய்யவில்லை. ஹோஸில் விரிசல், ஒருவழி வால்வு அடைபட்டிருத்தல், வேகத்துக்காக மாற்றிய கேம் ஷாஃப்ட்டால் ஐட்லிங்கில் வெற்றிடமே குறைந்திருத்தல் ஆகிய மூன்றும் சர்வோவின் மீது பழியைப் போடும் வழக்கமான காரணங்கள். பிரேக் பிடித்துக்கொண்டே இருப்பதற்கு, உள்ளுக்குள் வீங்கிப்போன பழைய பிரேக் ஹோஸும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிபரின் இறுகிய பிஸ்டனும் காரணமாகலாம்.

சர்வோவிலிருந்து வெற்றிட ஹோஸைக் கழற்றி, அதன் உட்புறத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி பிரேக் ஆயிலில் நனைந்தால் வேறு சோதனையே தேவையில்லை. அந்த நிலையில் கார் ஓடக் கூடாது. 1970களின் உள்நாட்டு எம்ஜிபிக்களில் பெரும்பாலானவை ஒற்றைச் சுற்றுப் பிரேக் கொண்டவை. நான்கு சக்கரங்களுக்குமான ஆயில் ஒரே பாதையில், அதுவும் இந்தச் சர்வோவுக்குள் நுழைந்துதான் செல்கிறது. அந்த ஒரு சீல் முழுதாகக் கைவிட்டால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் இருக்காது. கைப்பிரேக் மட்டுமே மிஞ்சும்.

## எடைபோடும் அளவுகோல்கள்

மேற்சொன்ன காரணத்தால், முதல் அளவுகோல் விலை ஆக முடியாது. வேலை முடிந்த பிறகு அந்தச் சர்வோ ஒழுகாது என்று எந்த அளவுக்கு உறுதியாகச் சொல்ல முடியும் என்பதே முதல் கேள்வி. அடுத்தது, போர் கெட்டிருந்தால் இந்த வழி தாங்குமா என்பது. மூன்றாவதாகத்தான் செலவு; அதிலும் பெட்டியின் மேல் ஒட்டிய விலையை விட, அதோடு சேர்ந்து வரும் குழாய், ஹோஸ், ஆயில், கருவி, பெயின்ட் ஆகியவற்றின் கூட்டுத்தொகை. பிறகு, கார் எத்தனை நாள் ஓடாமல் நிற்கும், செய்பவருக்கு எவ்வளவு கைப்பழக்கம் வேண்டும், காரின் அசல் தோற்றத்துக்கும் குழாய்களின் பொருத்தத்துக்கும் என்ன ஆகும், மனம் மாறினால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா என்பவை.

எந்த வழியிலும் தப்பாத செலவுகள் சில உண்டு. அவற்றை ஒரு வழியின் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமாகாது. சர்வோவைக் கழற்றும்போது ஐம்பது ஆண்டுப் பழைய குழாய் முனை நட்டுகளில் ஒன்றாவது இறுகி, குழாயையும் சேர்த்து முறுக்கிவிடும். எனவே செம்பு-நிக்கல் குழாயும், அதன் முனையை விரிக்கும் கருவியும் அல்லது அதைச் செய்துதரும் ஒருவரும் தேவைப்படுவார்கள். புதிய பிரேக் ஆயில், புதிய செம்பு வாஷர்கள், புதிய வெற்றிட ஹோஸ் (சர்வோவை எடுத்துவிடும் வழியில் மட்டும் இது தேவையில்லை), நான்கு சக்கரங்களின் பிரேக் குழாய்களிலும் சிக்கிய காற்றை எடுக்கும் வேலை ஆகியவை நான்கு வழிகளுக்கும் பொது. ஒழுகிய ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடுவதால், சர்வோ இருந்த இடத்தின் தகரத்தைச் சுரண்டித் துருவைப் பார்த்துப் பெயின்ட் அடிப்பதும் வேலையின் ஒரு பகுதியாகவே இருக்கும்.

## முதல் வழி: கிட் வாங்கித் தாமே பிரித்துச் சரிசெய்தல்

சர்வோவைத் தக்கவைக்கும் மூன்று வழிகளில் கைச்செலவு மிகக் குறைவானது இதுதான். ஆனால் பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் கிட்டை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, பிறகு சர்வோவைப் பிரிக்கிறார்கள். போர் குழி விழுந்திருப்பதைப் பார்த்த பிறகும், வாங்கிய கிட் வீணாகக் கூடாதே என்று அதையே போட்டு மூடிவிடுகிறார்கள். முதலில் பிரிக்க வேண்டும். போரைப் பார்க்க வேண்டும். அதன் பிறகே கிட்.

லாக்ஹீட் ஆறாம் வகைச் சர்வோவில் பெரிய டப்பாவின் மூடியைத் திருகித்தான் திறக்க வேண்டும். அதற்கென்று பட்டறைகளில் தனிக் கருவி இருந்தது. வீட்டில் செய்பவர்கள் மரக்கட்டையிலோ இரும்புப் பட்டையிலோ ஒரு பிடியைச் செய்துகொள்கிறார்கள். உள்ளே டயஃப்ரத்தைப் பின்னுக்குத் தள்ளும் ஸ்பிரிங் அழுத்தத்தில் இருப்பதால், மூடி விடுபடும் நேரத்தில் அதைக் கையால் அமுக்கிப் பிடித்திருப்பது அவசியம். வட அமெரிக்கக் கார்களின் நேரடிச் சர்வோவில் இரண்டு தகர ஓடுகளும் இதைவிட இறுக்கமாகப் பொருந்தியிருக்கும். சரியான பிடி இல்லாமல் அதைத் திறக்க முயன்றவர்கள் ஓட்டை நெளித்துவிடுவது சாதாரணம். நேரடிச் சர்வோவை வீட்டில் பிரிக்க நான் யாருக்கும் யோசனை சொல்வதில்லை.

பிரித்த பாகங்களை, குறிப்பாக ஆயில் தொடும் பாகங்களை, மெத்திலேட்டட் ஸ்பிரிட்டிலோ புதிய பிரேக் ஆயிலிலோ மட்டுமே கழுவ வேண்டும். பெட்ரோல், மண்ணெண்ணெய், இன்ஜின் ஆயில் ஆகியவற்றின் மிச்சம் சிறிதளவு இருந்தாலும் புதிய சீல்கள் உப்பிவிடும். கழுவிய பின் போரை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். நிறம் மாறிய கறை மட்டும் இருந்தால் பயமில்லை. நகநுனி தட்டும்படியான குழியோ கீறலோ, சீல் நகரும் பகுதிக்குள் எங்கே இருந்தாலும், இந்த வழி அங்கேயே முடிந்துவிடுகிறது. இரும்பு சிலிண்டர்களில் செய்வதுபோல உட்சுவரைத் தேய்த்து மட்டமாக்கும் ஹோனிங் செய்து குழியை மழுக்கலாம் என்று சிலர் சொல்வதை ஏற்க முடியாது. அலுமினியத்தின் மேற்பரப்பைத் தேய்த்தால் அரிப்புக்கு எதிராக இருந்த பாதுகாப்பும் போய், அளவும் பெருகிவிடும்.

போரைப் போலவே கவனிக்க வேண்டியது தள்ளுதண்டு. பலர் அதைத் துடைத்து அப்படியே மாட்டிவிடுகிறார்கள். தண்டின் பளபளப்பான மேற்பரப்பில் துருப்புள்ளியோ கோடோ இருந்தால், வெற்றிட அறைக்குள் ஆயிலை விடக்கூடிய அதே சீலை அது மீண்டும் அறுக்கத் தொடங்கும். தண்டு பழுதாக இருந்தால் போர் நன்றாக இருப்பதால் பயனில்லை.

கிட் வாங்கும்போது ஆயில் பக்கத்துச் சீல்கள் மட்டும் கொண்ட சிறிய கிட், டயஃப்ரமும் காற்று வால்வும் சேர்ந்த பெரிய கிட் என இரண்டு உண்டு. இவ்வளவு தூரம் பிரித்த பிறகு சிறிய கிட்டோடு நிறுத்துவதில் அர்த்தமில்லை. வகை எண் மாறினால் சீல்களின் அளவும் மாறும் என்பதால், கார் மாடலைச் சொல்லி வாங்காமல், சர்வோவின் மேலுள்ள அடையாளத்தைச் சொல்லி வாங்குவது நல்லது. பொருத்தும்போது சீல்களுக்குச் சிவப்பு ரப்பர் கிரீஸ் தடவலாம். சாதாரண கிரீஸ் கூடாது.

இந்த வழியின் மறைமுகச் செலவு சோதனையில்தான் இருக்கிறது. வெற்றிடப் பக்கத்தை ஒரு கைப்பம்பு கொண்டு மேசையிலேயே சோதித்துவிடலாம். ஆனால் ஆயில் பக்கம் அழுத்தத்தில் ஒழுகுகிறதா என்பதை வீட்டில் காரில் பொருத்திய பிறகே அறிய முடியும். ஒழுகினால் கழற்றல், ஆயில், காற்று எடுத்தல் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. போரும் தண்டும் சுத்தமாக இருந்து, மாஸ்டர் சிலிண்டரையோ காலிபரையோ ஏற்கெனவே பிரித்துப் பழகியவராக இருந்தால், இதுவே சிறந்த வழி. இதற்கு முன் பிரேக்கில் கை வைக்காதவர் இங்கே முதல் பாடத்தைத் தொடங்க வேண்டாம்.

## இரண்டாம் வழி: தொழில்முறைப் பட்டறைக்கு அனுப்புதல்

பழைய சர்வோக்களைப் புதுப்பிப்பதையே தொழிலாகக் கொண்ட பட்டறைகள் பிரிட்டனில் இன்னும் இயங்குகின்றன. அவர்களிடம் இருப்பதும் உங்களிடம் இல்லாததும் இரண்டு: லேத் வேலை, அழுத்தச் சோதனை மேடை. குழி விழுந்த போரைக் குடைந்து அதற்குள் துருப்பிடிக்காத எஃகில் ஸ்லீவ் (உட்குழல்) போட்டால், அரிப்புப் பிரச்சினை அந்த இடத்தில் தீர்ந்துவிடுகிறது. தகர டப்பாவைச் சுத்தம் செய்து மறுபடி முலாம் பூசி, எல்லா ரப்பரையும் மாற்றி, வெற்றிடத்திலும் ஆயில் அழுத்தத்திலும் சோதித்துத் தருவது நல்ல பட்டறையின் அடையாளம்.

இங்கே பணத்தை விட அதிகமாகக் கேள்விகளைச் செலவிட வேண்டும். ஸ்லீவ் போடுவது கட்டணத்தில் அடங்குமா, தனியா? வால்வு பிஸ்டனின் சிறிய போரையும் பார்ப்பார்களா? தள்ளுதண்டு பழுதாக இருந்தால் என்ன செய்வார்கள்? எந்த ஆயிலைப் பயன்படுத்தினால் உத்தரவாதம் செல்லாமல் போகும்? இவற்றுள் முக்கியமானது, உங்கள் சர்வோவே உங்களுக்குத் திரும்பி வருமா என்பது. பழையதைக் கொடுத்துவிட்டு ஏற்கெனவே சரிசெய்த இன்னொன்றை வாங்கும் முறையில் நாட்கள் மிச்சமாகும். ஆனால் நீங்கள் கொடுத்தது நல்ல போர் கொண்டதாகவும் வந்தது வேறொருவருடைய குழி விழுந்ததாகவும் இருக்க வாய்ப்புண்டு. ஸ்லீவ் போட்டதுதான் என்ற உறுதி இல்லாமல் மாற்றுமுறையில் இறங்க வேண்டாம். கொடுத்த பழையது திருத்த முடியாத நிலையில் இருந்தால் முன்பணத்தைப் பிடித்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. அதையும் கணக்கில் எழுத வேண்டும்.

பட்டறையின் வரிசையைப் பொறுத்து வாரக்கணக்கில் கார் நிற்கும். அந்தக் காலத்தில் சர்வோ இருந்த இடத்தின் தகரம், குழாய்கள், ஹோஸ்கள் ஆகியவற்றைப் பார்த்துவிட்டால் அந்த நாட்கள் வீணாகா.

சில கார்களுக்கு இந்த ஒரு வழியைத் தவிர வேறில்லை. 1961 முதல் 1964 வரை வந்த 3.8 லிட்டர் ஜாகுவார் இ-டைப்பில், துருத்தி போல விரிந்து சுருங்கும் கெல்சி-ஹேய்ஸ் முறைச் சர்வோ இருந்தது; அதன் அமைப்பு பிற்கால லாக்ஹீட் வகையோடு எந்த விதத்திலும் ஒத்துப்போகாது. ஆஸ்டன் மார்ட்டின் டிபி5-இல் ஒன்றுக்கு இரண்டாகத் தனித்த சர்வோக்கள் உண்டு. அத்தகைய கார்களின் மதிப்பில் அசல் உறுப்புகளுக்குப் பெரிய பங்கு இருப்பதால், அங்கே ஒப்பீடே எழுவதில்லை. ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான எம்ஜிபிக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால்தான் நாம் இவ்வளவு யோசிக்க முடிகிறது.

## மூன்றாம் வழி: புதிய சர்வோ

லாக்ஹீட் வடிவத்தை ஒட்டிய புதிய தனித்த சர்வோக்கள் சந்தையில் கிடைக்கின்றன. அழுத்தத்தை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கும் வகையே பழைய நான்கு சிலிண்டர் கார்களுக்குப் பொதுவாக விற்கப்படுகிறது. போர் புதிது, ரப்பர் புதிது, சில நாட்களிலேயே கார் ஓடத் தொடங்கிவிடும். நேரம் மட்டுமே அளவுகோல் என்றால் இதை எதுவும் மிஞ்ச முடியாது.

ஆனால் "ஒட்டிய" என்ற சொல்லுக்குள் சில செலவுகள் ஒளிந்திருக்கின்றன. ஆயில் குழாய் நுழையும் துளைகளின் இடமும் மரையும் பழையதோடு சரியாகப் பொருந்தாமல், இரண்டு குழாய்களையும் புதிதாக வளைத்துச் செய்ய நேரலாம். தாங்கிப் பிடிக்கும் பிராக்கெட் மாறுபடலாம். சாய்வுக் கோணம் தவறினால் சிலிண்டருக்குள் காற்றுக் குமிழி தங்கி, எவ்வளவு காற்று எடுத்தாலும் பெடல் பஞ்சு போலவே இருக்கும். எனவே தயாரிப்பாளர் சொல்லும் கோணத்தை அப்படியே கடைப்பிடிக்க வேண்டும். அதிக மடங்கு தருவது நல்லது என்று எண்ணிப் பெரிய காருக்கானதை வாங்குபவர்களும் உண்டு; இலேசான காரில் அது பிரேக்கை அளவாகப் பிடிக்க விடாமல், ஈரச் சாலையில் சக்கரங்களைப் பூட்டிவிடும்.

தரமும் ஒரே சீராக இல்லை. பெட்டியில் அச்சிட்ட பெயரை நம்புவதை விட, பொருத்துவதற்கு முன் கைப்பம்பு கொண்டு வெற்றிடம் நிற்கிறதா என்று பார்த்துவிடுவது மேல். பழையதைத் தூக்கி எறியவும் கூடாது. என்றாவது ஸ்லீவ் போட்டு அசலுக்குத் திரும்ப நினைத்தால் அதுதான் மூலதனம்.

அடிக்கடி ஓட்டும், பழைய கார்களின் போட்டிக் காட்சிகளுக்குக் கொண்டுபோகாத காருக்கு, பழைய உடல் குழி விழுந்து போயிருந்தால், இந்த வழியில் தவறே இல்லை. பழைய கார்களை உடைக்கும் இடத்தில் கிடைக்கும் பயன்படுத்திய சர்வோவையும், பல பத்தாண்டுகளாகப் பெட்டி பிரிக்காமல் கிடக்கும் "புத்தம் புதிய" சரக்கையும் இதோடு சேர்க்க வேண்டாம். முதலாவது நீங்கள் கழற்றியதன் உடன்பிறப்பு. இரண்டாவதில் உலோகம் புதிதாக இருந்தாலும் ரப்பரின் வயது காரின் வயதுதான். போர் நன்றாக உள்ள உடலாக மட்டும் மதித்து வாங்கிக் கிட் போடுவதென்றால் சரி.

## நான்காம் வழி: சர்வோ இல்லாமல் ஓட்டுதல்

இந்த வழியைச் சொன்னதும் பலர் பதறுகிறார்கள், பதற வேண்டியதில்லை. சர்வோ காரை விரைவாக நிறுத்துவதில்லை. நிறுத்துவதற்குக் கால் கொடுக்க வேண்டிய பலத்தைக் குறைக்கிறது, அவ்வளவே. சக்கரம் பூட்டும் எல்லையை டயரின் பிடிப்புதான் வகுக்கிறது. முன்னே 10.75 அங்குல டிஸ்க்கும் பின்னே 10 அங்குல டிரம்மும் கொண்ட அதே நான்கு சிலிண்டர் எம்ஜிபியைத் தொழிற்சாலையே பல ஆண்டுகள் சர்வோ இல்லாமல் விற்றது.

செய்ய வேண்டியதும் அதிகமில்லை. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வரும் குழாயைச் சர்வோவுக்குள் அனுப்பாமல் சக்கரங்களுக்குப் பிரியும் சந்திப்போடு நேராக இணைத்து, மேனிஃபோல்டில் உள்ள வெற்றிட வாயை உறுதியாக அடைத்துவிட்டால் போதும். ஆயில் ஒழுகக்கூடிய இடங்களில் மிக ஆபத்தான ஒன்று காரிலிருந்தே நீங்கிவிடுகிறது. ஒற்றைச் சுற்றுக் காரில் இது சிறிய ஆதாயம் இல்லை. பிராக்கெட்டையும் சர்வோவையும் எடுத்து வைத்திருந்தால் எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம்.

மறைமுகச் செலவு ஓட்டுபவரின் காலில் விழுகிறது. நவீன காரிலிருந்து இறங்கி இதில் ஏறும் ஒருவர், முதல் அவசரப் பிரேக்கில் போதுமான அழுத்தம் கொடுக்காமல் போகக்கூடும். முழங்கால் வலி உள்ளவரோ, குடும்பத்தில் வேறு சிலரோ காரை ஓட்டுவதாக இருந்தால் இந்த வழியைத் தவிர்க்க வேண்டும். குளிர்ந்த நிலையிலேயே நன்றாகப் பிடிக்கும் மென்மையான பிரேக் பேட்களுக்கு மாறுவது ஓரளவு ஈடு செய்யும். பந்தயத்துக்கான கடினமான பேட்கள் இருந்தால் நிலைமை மோசமாகும். காப்பீட்டு நிறுவனத்திடம் மாற்றத்தைத் தெரிவிப்பதும் உரிமையாளரின் பொறுப்பு. பிரிட்டனில் 40 ஆண்டு கடந்த, பெரிதாக மாற்றப்படாத கார்களுக்கு 2018 முதல் ஆண்டுச் சோதனைக் கட்டாயம் இல்லை என்பதால், இத்தகைய மாற்றத்தை வேறொரு கண் பார்க்காமலே போய்விடும் வாய்ப்பும் அதிகம். வேலை முடிந்ததும் விரும்பியே ஒரு சோதனைக்குக் கொண்டுபோகலாம்.

3.5 லிட்டர் வி8 இன்ஜின் கொண்ட எம்ஜிபி ஜிடி வி8-க்கு இந்த வழி பொருந்தாது. நேரடிச் சர்வோ கொண்ட வட அமெரிக்கக் கார்களிலும் கூடாது. அங்கே பெடல் அமைப்பும் மாஸ்டர் சிலிண்டரும் சர்வோவை எதிர்பார்த்தே வடிவமைக்கப்பட்டவை.

## நான்கும் ஒரே பார்வையில்

| அளவுகோல் | தாமே கிட் போடுதல் | பட்டறைக்கு அனுப்புதல் | புதிய சர்வோ | சர்வோவை எடுத்துவிடுதல் |
|---|---|---|---|---|
| ஒழுகாது என்ற உறுதி | போரும் தண்டும் சுத்தமாக இருந்தால் மட்டும் | ஸ்லீவும் சோதனையும் இருந்தால் மிக உயர்வு | நல்லது. தரம் மாறுபடும் | ஒழுகும் இடமே இல்லை |
| குழி விழுந்த போர் | தாங்காது | தீர்வு உண்டு | பொருட்டல்ல | பொருட்டல்ல |
| நேர்ச் செலவு | குறைவு | அதிகம் | நடுத்தரம் முதல் அதிகம் | மிகக் குறைவு |
| மறைமுகச் செலவு | மறுவேலை, கருவி | ஸ்லீவ் கட்டணம், முன்பணம், அஞ்சல் | குழாய், பிராக்கெட் | பேட், காப்பீடு, கால் பலம் |
| கார் நிற்கும் காலம் | சில நாட்கள் | வாரங்கள் | சில நாட்கள் | ஓரிரு நாட்கள் |
| அசல் தன்மை | முழுமை | முழுமை, தன் சர்வோவே திரும்பினால் | குறையும் | தொடக்கக் காலக் காருக்கு இயல்பு. பிற்காலத்ததற்குக் குறை |

என் சாய்வை மறைக்கவில்லை. முதலில் கழற்றிப் பிரித்துப் போரைப் பார்ப்பேன். சுத்தமாக இருந்தால் பெரிய கிட். குழி இருந்தால், காரின் அசல் தன்மையை மதிப்பவருக்குத் தன் சர்வோவையே ஸ்லீவ் போட்டு வாங்கும் வழி. அதைப் பொருட்படுத்தாதவருக்குப் புதியது. சர்வோ இல்லாமலே தொழிற்சாலையிலிருந்து வெளிவந்து, பின்னாளில் யாரோ பொருத்திய சர்வோவோடு இருக்கும் 1960களின் எம்ஜிபி என்றால், நான்காம் வழியைத்தான் முதலில் யோசிப்பேன்.

## எதைத் தேர்ந்தாலும் செய்ய வேண்டியவை

பழைய வெற்றிட ஹோஸுக்குள் தேங்கிய ஆயிலைக் கழுவி மீண்டும் பயன்படுத்த வேண்டாம். சர்வோ தொடர்ந்து இருக்குமானால் ஹோஸையும் ஒருவழி வால்வின் ரப்பர் வளையத்தையும் மாற்றிவிடுங்கள். காற்று எடுப்பதற்கு முன் பின்சக்கர டிரம்களின் ஷூக்களைச் சரியாக நெருக்கி அமைத்தால் பெடல் பயணம் குறையும். காற்று எடுக்கும்போது இன்ஜின் நின்றிருக்க வேண்டும், உள்ளே வெற்றிடம் தீர்ந்திருக்க வேண்டும். வடித்த ஆயிலைத் திரும்ப ஊற்றக் கூடாது. டாட் 4 ஆயிலே போதும். சிலிகான் வகையான டாட் 5 ஆயிலுக்கு மாறுவதென்றால் அது பழைய ஆயிலோடு கலக்காது என்பதால், சுற்று முழுவதையும் சுத்தம் செய்து எல்லாச் சீல்களையும் மாற்றும் சமயத்தில் மட்டுமே அதை யோசிக்கலாம். சர்வோ ஒன்றை மட்டும் சரிசெய்யும்போது வேண்டாம்.

வேலை முடிந்ததும் காரை நகர்த்துவதற்கு முன், பெடலை முழுப் பலத்தோடு ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, அது இறங்குகிறதா என்று பார்த்து, குழாய் முனைகள் ஒவ்வொன்றையும் காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். முதல் ஓட்டம் போக்குவரத்து இல்லாத சமதளத்தில், கைப்பிரேக் வேலை செய்வதை உறுதி செய்த பிறகு இருக்கட்டும். மாஸ்டர் சிலிண்டர் டப்பாவின் வெளியே ஆயில் மட்டத்தில் ஒரு கோடு போட்டுவைத்து, முதல் சில வாரங்கள் ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் அதைப் பாருங்கள். சர்வோ இருக்கும் காரென்றால், ஒரு மாதம் கழித்து வெற்றிட ஹோஸை மீண்டும் கழற்றி உள்ளே துடைத்துப் பாருங்கள். துணி காய்ந்தே வந்தால் வேலை சரி, ஈரமாக வந்தால் அன்றே காரை நிறுத்திவிடுங்கள்.